சொல்லிற்றன், போகத்தான் வேணும்

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா புள்ள?" என்று போன் எடுத்துக் கேட்பார். கேட்டு முடித்த கையோடு, "சரி, எழுதினதுதான் எழுதினாய், என்ட படம் ஒண்டையும் போட்டிரிக்கலாமே" என்றும் சொல்வார். அமிர்தகழியில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் வீடு கண்டுபிடிப்பது கஷ்டம். "பொம்பிள சோடிக்கிற அக்கா" என்று கேட்டால் எந்த ஓட்டோக்காரரும் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அந்த ஓட்டோக்காரரின் மனைவியையே அக்கா மணப்பெண்ணாகச் சோடித்து மணவறைக்கு அனுப்பியிருக்கவும் கூடும்.

நான் வாகரைப் பக்கத்துக்காரி. மட்டக்களப்பில் வேலை கிடைத்து வந்தபோது அவர்கள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். யன்னலைத் திறந்தால் வாவி. வீட்டில் அக்காவும் அவருடைய கணவரும் மட்டும்தான். கணவர் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஒரே மகன் வெளிநாட்டில்.

அக்காவைக் காண்பதற்கு முன்பே அவருடைய கதை எனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்த ஒருத்தி தன் கல்யாண நாளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். தை மாதத்து மழை. வாவி நிரம்பித் தெரு, ஒழுங்கை எல்லாம் தண்ணீர். சொந்தக்காரர் பாதிப்பேர் வரவில்லை. மேளகாரர் எங்கேயோ நின்றுவிட்டார்கள். பெண் வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது ஒரு தோணி வந்திருக்கிறது. தோணியில் ஒரு பெண், சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அலங்காரப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு.

"இந்தத் தண்ணிக்குள்ள எப்பிடி அக்கா வந்தீங்க?" என்று பெண்ணின் தாய் அழாக்குறையாகக் கேட்டாராம்.

"சொல்லிற்றன். வரத்தானே வேணும்" என்றாராம் அக்கா, காலில் இருந்த சேற்றைக் கழுவியபடி.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தது மத்தியானம். அதுவரை அக்கா மணப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்து விசிறி, பசிக்கு வாழைப்பழத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி உதட்டுச் சாயத்தில் படாமல் வாய்க்குள் போட்டு, "அழாதகா, மை ஓடினா மாப்பிள பயந்திருவார்" என்று, எங்கள் பக்கத்துப் பெண்கள் செல்லமாகச் சேர்க்கும் அந்தக் 'கா'வோடு சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து புறப்படும்போது அத்தான் தடுத்ததாகவும், "சொல்லிற்றன், போகத்தான் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் படி இறங்கியதாகவும் பிறகு அத்தானே எனக்குச் சொன்னார். அதுதான் அக்கா. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. யாராவது தன் வரவைப் பார்த்துக்கொண்டு காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படியொரு ஆளை எதிர்பார்த்துத்தான் பெட்டியோடு போய் இறங்கினேன். முன்னறையில், அணைத்து வைத்த டீவிக்கு முன்னால், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அக்கா இருந்தார். வலது கை மடியில் கிடந்து தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"டீவியப் போடட்டா அக்கா?"

"மறுகா."

"தேத்தண்ணி ஆறுது. குடிக்கல்லயா?"

"மறுகா."

மறுகா என்பது எங்கள் பக்கத்துச் சொல். பிறகு என்று அர்த்தம். மற்றவர்கள் சொன்னால் அந்தப் பிறகு எப்போதாவது வரும். அக்காவின் மறுகா வராது. தேத்தண்ணீரில் ஆடை படிந்து, வெளியே இருட்டி, அத்தான் வந்து லைட்டைப் போடும் வரைக்கும் அக்கா அந்தக் கதிரையிலேயே இருப்பார்.

பார்கின்சன் வருத்தம் வந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. கை நடுங்கும். நடை சின்னச் சின்ன எட்டாகக் குறுகிவிட்டது. சிலவேளை கதவடியில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். இதையெல்லாம் அக்கா பெரிதாக எடுக்கவில்லை. "பவுடர் பூசுறதுக்கு இதவிட நல்ல கை கிடைக்குமா? நான் சும்மா வச்சிற்று இருந்தாச் சரி, அது தானாப் பூசும்" என்பார். அவரைக் கதிரையில் இருத்தி வைத்தது அந்த நடுக்கம் அல்ல, இன்னொன்று. அதை அவரே ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"கவலை இல்ல புள்ள. கோவமும் இல்ல. சோறு முன்னால இரிக்கு, பசியும் இரிக்கு. கையை நீட்டணும் எண்ட நினைப்பு மட்டும் வருதில்ல. முந்தி அது தானா வரும். நான் அதைக் கண்டதே இல்ல. இப்ப இல்லாமப் போன பிறகுதான், அப்பிடி ஒண்டு இருந்ததெண்டே தெரியுது."

அத்தான் முதலில் ஏசிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கினார். தலை சீவிவிட்டார், சோறு ஊட்டினார், செருப்பைக் காலில் மாட்டிவிட்டார். ஒருமுறை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் இளம் பெண். அத்தானைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இது சோம்பலில்ல. பிடிவாதமும் இல்ல. எழும்பு, செய் எண்டு உள்ளுக்கு ஒண்டு நம்மளத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த வருத்தத்தில அது குறையும். குளிசைய நேரத்துக்குக் குடுங்க. குளிசை நல்லா வேலை செய்யிற நேரத்தில சின்னச் சின்ன வேலையள அவவையே செய்ய விடுங்க. எல்லாத்தையும் நீங்களே செய்து குடுத்திராதீங்க."

அத்தான் முன்பாதியை மட்டும் கேட்டார். "சோம்பலில்லையாம்!" என்று வெளியே வந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த கடையில் அக்காவுக்கு மீன் அடைத்த மாலுபணிஸ் ஒன்று வாங்கினார். அதையும் பிய்த்து ஊட்டிவிட்டார்.

அக்காவை எழுப்பியது மீன்காரத் தம்பியின் மகள்தான். அந்தத் தம்பி மோட்டர் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வருபவர். ஒருநாள் காலையில் அக்கா கொஞ்சம் தெளிவாக வாசலில் நிற்கக் கண்டு, "அக்கா, நாளைக்குப் பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தில ஆடுறாள். ஒரு கொண்டை போட்டு உடுவீங்களா?" என்று கேட்டார்.

"கூட்டிக்கொண்டு வா" என்றார் அக்கா.

அடுத்த நாள் பின்னேரம் அவர்கள் வந்தபோது அக்கா கதிரையில் இருந்தார். நான் போய்ச் சொன்னேன். "மறுகா" என்றார். அத்தான் வாசல் படலைக்குப் போய், "அக்காவுக்குச் சுகமில்ல தம்பி, குறை நினைக்காத" என்றார். தகப்பன் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். மகள் திரும்பவில்லை. "பரவாயில்ல, நான் பாத்துக்கொண்டிரிக்கன்" என்று சீப்பையும் பூச்சரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை. பஸ்சுக்கு நிற்பவள் போல இருந்தாள்.

யன்னலால் அக்காவுக்கு அவளுடைய பின்தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"என்ன அக்கா?" என்று ஓடினேன்.

"சொல்லிற்றேனே" என்றார், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

கொண்டை போட்டு முடிய வெகுநேரம் எடுத்தது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தும் இருந்தது. "ஆடக்குள்ள சரியாயிரும்" என்று அனுப்பிவைத்தார். அன்று இரவு சோற்றைத் தன் கையாலேயே குழைத்துச் சாப்பிட்டபடி என்னிடம் சொன்னார்: "ஒண்டைக் கண்டுபிடிச்சிற்றன் புள்ள. எனக்காக எண்டா என்னால எழும்ப ஏலா. ஆராவது பாத்துக்கொண்டு இரிக்கணும். அப்ப எழும்பலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்த ஒழுங்கை முழுவதும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

காலைக் குளிசை பிடித்து உடம்பு இலேசாகும் நேரம் அக்காவுக்கு நல்ல நேரம். பத்து மணியளவில் வரும். அந்த நேரத்தில் அவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு கண்ட கண்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுக்கத் தொடங்கினார். எதிர்வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு ஓய்வு பெற்ற டீச்சர் இருந்தார். அவருக்குப் பின்னேரம் வாவிக்கரை வரை நடக்க வருவதாகச் சொன்னார். மீன்காரத் தம்பிக்கு, "இனி நானே படலைக்கு வந்து மீன் பாத்து எடுப்பன். இவரிட்ட குடுக்கப்படா" என்று கட்டளை போட்டார். எனக்கு, வேலை முடிந்து வரும்போது தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் காத்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் மூன்று மணியளவில் உடம்பு விழுந்துவிடும். அப்போது எல்லா வாக்கையும் இரத்துச் செய்யச் சொல்லி அத்தானை அனுப்புவார். அதற்கும் அவர் காலையிலேயே வழி செய்து வைத்தார்.

"இஞ்சாருங்க, மூண்டு மணிக்கு நான் என்ன சொன்னாலும் நீங்க கேக்கப்படா. பத்து மணிக்குச் சொன்னதைத்தான் கேக்கணும்."

"ரெண்டும் நீதானே?"

"இல்ல. அவ வேற ஆள். அவட கதைய எடுக்காதீங்க."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மனைவி சொல்லைத் தட்டாத மனிதர் அத்தான். இப்போது ஒரே வீட்டில் பத்து மணிக்காரிக்கும் மூன்று மணிக்காரிக்கும் நடுவில் அகப்பட்டு நின்றார். மூன்று மணிக்காரி, "டீச்சருக்குப் போன் போட்டு வரல்ல எண்டு சொல்லுங்க" என்பார். அத்தான் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாவியைப் பார்ப்பார். "காது கேக்கல்லயா?" "கேக்குது. எனக்கு வேற உத்தரவு." இன்றைக்கும் நான் வேலை மாறிப் போன திருகோணமலையிலிருந்து போன் எடுத்தால், நேரம் பார்த்து எடுக்காவிட்டால் அத்தான் குரலைத் தாழ்த்தி, "இப்ப மத்தவ இரிக்கா. காலையில எடு புள்ள" என்பார்.

நடைக்குப் போகும் கதை இதைவிட மோசம். டீச்சருக்கும் நடக்க விருப்பமில்லை. டொக்டர் சொன்னதால் அக்காவுக்கு ஓம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அக்கா வாசலுக்கு வந்து, டீச்சர் இன்றைக்கு வரமாட்டார் என்ற நம்பிக்கையில் எட்டிப் பார்ப்பார். டீச்சர் அங்கே தன் வாசலில் அதே நம்பிக்கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தவுடன் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிடும்.

"வந்திற்றீங்களா டீச்சர்?"

"நீங்க வந்திற்றீங்களே, மறுகா என்ன செய்யிற?"

போய்த் திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வருவார்கள். அது ஒருநாளும் தவறியதில்லை. போகும்போது சிரித்து நான் கண்டதுமில்லை.

புறப்படுவதற்கும் அக்காவிடம் ஒரு வழி இருந்தது. நடைக்குப் போகிறேன் என்று நினைக்கமாட்டார். "செருப்பப் போடுறது மட்டும்தான் என்ட வேலை" என்பார். செருப்பைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் இருப்பார். "இனிப் படி மட்டும்." படியில் நின்று மூச்சு விடுவார். இப்படித் துண்டு துண்டாக வாவிக்கரைக்குப் போய்விடுவார். மீன்காரத் தம்பியும் பழகிக்கொண்டார். அக்கா கதிரையை விட்டு எழும்பிப் படலைக்கு வரும் வரை மீன் வெயிலில் கிடக்க ஏலாது என்று எங்கள் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார். ஹோன் அடித்துவிட்டு, "ஆறுதலா வாங்க அக்கா, இறால் எங்கயும் ஓடாது" என்று சத்தம் போடுவார். அதற்குள் ஒழுங்கையின் மற்றப் பெண்களும் வந்து சேர்ந்து விடுவார்கள். அக்கா வந்து சேரும்போது பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டமே கதைத்துக்கொண்டு நிற்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள். அவளுடைய அம்மாவின் கல்யாணத்துக்கும் அக்காதான் சோடித்தவர்.

"மாமி, எனக்கும் நீங்கதான் சோடிக்கணும்" என்றாள்.

அவள் வந்த நேரம் காலை பத்து மணி.

"ஓம், வாறன்" என்றார் அக்கா.

அத்தானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலை முகூர்த்தம். விடிந்ததும் விடியாததுமாக அங்கே போய் நிற்க வேண்டும். அது அக்காவின் உடம்பு இன்னும் எழும்பாத நேரம். அக்கா அதையும் யோசித்திருந்தார். டொக்டரிடம் கேட்டு அன்றைக்குக் குளிசை எடுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தினார். என்னை நிற்கவைத்து நாள் தவறாமல் சேலை கட்டிப் பழகினார். விரல் நடுங்கும் இடத்தில் என் விரலை வைத்துக்கொண்டார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பேன். இந்த வருத்தத்தில் முகம் அசைவில்லாமல் இறுகிப்போகும். சேலை மடிப்பு ஒழுங்காக விழும்போது மட்டும் அந்த முகத்தில் ஏதோ இளகும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அவர் கண் மூடவேயில்லை. சந்தோஷமும் பயமும். காலையில் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது பை வாசலில் தயாராக இருந்தது. ஓட்டோ வந்து நின்றது. அக்கா கட்டிலின் விளிம்பில் இருந்தார். செருப்பும் போட்டாயிற்று.

"இனிப் படி மட்டும்" என்றார் அத்தான், கையை நீட்டிக்கொண்டு.

அக்கா அசையவில்லை. விழுங்கிய குளிசை வேலை செய்யவில்லை. நாங்கள் காத்திருந்தோம். ஓட்டோக்காரர் ஒருமுறை ஹோன் அடித்தார்.

"ஏலா" என்றார்.

"நீ பத்து மணிக்குச் சொன்னாய். நான் அதைத்தான் கேப்பன்" என்றார் அத்தான்.

"இது அவ இல்லங்க" என்றார் அக்கா மிக மெதுவாக. "நான்தான் சொல்றன். ஏலா."

அத்தான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பெண் வீட்டாரிடம் அவர் கதைத்தது எனக்குக் கேட்டது. வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று பின்னேரம் செய்தி வந்தது. அக்கா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் போன் எடுப்பதில்லை. மீன்காரத் தம்பி ஹோன் அடித்தால் அத்தான் சட்டியோடு போனார். டீச்சர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, நடக்கத் தேவையில்லை என்ற சந்தோஷம் கொஞ்சமும் இல்லாமல் திரும்பிப் போனார். குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் அக்கா டீவிக்கு முன்னால்தான். கிளினிக்கில் டொக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, இரவு நித்திரை இல்லாததுதான் அன்றைக்கு உடம்பைக் கவிழ்த்தது, அதில் அக்காவின் பிழை ஒன்றுமில்லை என்றார். மருந்தையும் மாற்றிக் கொடுத்தார். உடம்பு கொஞ்சம் தேறியது. அக்கா தேறவில்லை.

"ஏன் அக்கா, சின்னதா ஒண்டைச் சொல்லிப் பாருங்களன்" என்று நான் கேட்டேன்.

"வேணாம் புள்ள. பாத்துக்கொண்டிருந்த புள்ளைய ஏமாத்திற்றன். இனி ஒருத்தரையும் பாத்துக்கொண்டிருக்க வைக்கப்படா."

மழைக்காலம் தொடங்கி, வாவி மேலேறிப் பிறகு இறங்கியது. ஒரு சனிக்கிழமை காலையில் படலை திறந்தது. அந்தப் பெண். கழுத்தில் தாலி, கையில் பெரிய பை.

"மாமி, சோடிக்க வந்திரிக்கன்."

அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்னத்துக்குகா? கலியாணந்தான் முடிஞ்சிதே."

"கலியாணம் முடிஞ்சிது. நீங்க சொன்னது முடியல்ல." பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். "அதோட, உங்களுக்குத் தெரியுமா மாமி? அண்டைக்கு வந்தவங்க கட்டின சேலை மணவறையச் சுத்தக்குள்ளயே அவிழப் பாத்தது. ஒரு கையால இவரப் பிடிச்சன், மத்தக் கையால சேலையப் பிடிச்சன். படம் முழுக்க வயித்துவலிக்காரி மாதிரி நிக்கிறன்."

அத்தான் குசினி அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். அக்காவின் முகம் அப்படியே இருந்தது. ஆனால் கொஞ்சம் பொறுத்து ஒரு கேள்வி வந்தது.

"இடுப்பில சேலைப்பின் குத்தினவவா?"

"குத்தினவ."

"உள்பக்கமாவா, வெளியாலயா?"

"வெளியால மாமி."

"சேச்சே" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் எத்தனை வாரத்துக்குப் பிறகோ அவருடைய குரல் இருந்தது.

பிறகு மறுபடியும் தளர்ந்து, "இண்டைக்கு என்னால ஏலா" என்றார்.

"இண்டைக்கெண்டு ஆர் சொன்ன? உங்களுக்கு ஏலுமான நேரத்தில செய்யுங்க. நான் இஞ்சதான் இரிக்கன். ஏலாட்டி அடுத்த சனிக்கும் வாறன்."

சொன்னபடி இருந்தாள். அத்தானோடு போய் வெங்காயம் வெட்டினாள். வாவிப் பக்கம் போய்க் காற்று வாங்கினாள். என் அறைக்கு வந்து கல்யாணப் படங்களைக் காட்டினாள். உண்மையாகவே வயிற்றுவலிக்காரி போலத்தான் நின்றாள். அக்கா கதிரையிலிருந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்நாள் முழுவதும் வாக்கு என்றால் அது ஒரு நேரத்தோடு கட்டியிருந்தது. முகூர்த்தம் தவறினால் வாக்கும் போயிற்று. நேரம் போன பிறகும் வாக்கு அப்படியே இருக்கும் என்று ஒருவர் வந்து சொன்னது அவருக்குப் புதிது என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பிறகு அவர் கொடுத்த வாக்குகளில் நேரம் இருக்காது. "ஏலுமான நேரத்தில வாறன், பாத்துக்கொண்டிரு" என்பார். எங்கள் ஒழுங்கையில் அதற்கு ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அதற்குரிய குளிசையும் போட்டு, கொஞ்சம் படுத்து எழும்பிய பிறகு அக்கா கூப்பிட்டார்.

"அந்தக் கூறைச் சேலையைக் கொண்டு வாகா."

முன்னறைக் கதவைச் சாத்தினோம். அக்காவை ஒரு முக்காலியில் இருத்தி, மணப்பெண்ணை அவர் முன்னால் நிறுத்தினேன். மடிப்பு எடுப்பது மட்டும் முதல் வேலை. அவர் பிடித்த மடிப்பை நான் பின்னால் நின்று வாங்கிக்கொண்டேன். நடுங்கும் விரல் துணியில் படபடவென்று அடித்தது. அவர் அதைச் சட்டை செய்யாமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். பிழை வந்தால் அவிழ்த்து மறுபடியும் எடுத்தார். பின்னை உள்பக்கமாகக் குத்தச் செய்து, இழுத்துப் பார்த்து, "இனி நீ மாமாங்கக் கோயிலில தேரே இழுக்கலாம்" என்றார். பிறகு தேத்தண்ணீர். பிறகு தலைமுடி. பிறகு மறுபடியும் இளைப்பாறல். கண்ணுக்கு மை வரும்போது தூரிகையை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு புள்ள. நான் போட்டா நெத்திக்குப் போகும்."

மணப்பெண் குலுங்கிச் சிரித்தாள். "ஆடாதகா!" என்று அக்கா அதட்டினார்.

கதவைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எப்படித்தான் செய்தி போனதோ, டீச்சர் வந்து நின்றார். மீன்காரத் தம்பி மகளை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் மாப்பிள்ளை. கராஜில் வேலை முடிந்து மனைவியைக் கூட்டிப்போக வந்தவர். உடுப்பெல்லாம் எண்ணெய்க் கறை. வாசலில் தன் மனைவி கூறைச் சேலையும் தலைநிறையப் பூவுமாக நிற்பதைக் கண்டு, பிழையான வீட்டுக்கு வந்துவிட்டவர் போல ஒரு அடி பின்னால் போனார். பிறகு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்தில போய் நில்லு தம்பி, படம் எடுக்கணும்" என்றார் அக்கா. "கூறையில மட்டும் கை வச்சிராத."

அதனால் அந்தப் படத்தில் மாப்பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மனைவியிலிருந்து சற்று விலகி, பள்ளிக்கூடப் பையன் போல நிற்கிறார். அவள் நேராக நிற்கிறாள். சேலை அசையவில்லை. படம் எடுத்து முடிந்ததும் அத்தான் முக்காலியில் இருந்த அக்காவின் முகத்து வியர்வையைத் துடைக்கத் துவாயோடு வந்தார். அக்கா அதை வாங்கித் தானே துடைத்துக்கொண்டார்.

மணப்பெண்ணின் கண் கலங்கிவிட்டது. இரண்டு எட்டில் அக்காவின் முன்னால் வந்து, காலைத் தொட்டுக் கும்பிடுவதற்காகக் குனியப் போனாள்.

"குனியாதகா!" என்று அக்கா போட்ட சத்தம் வாவிக்கரை வரை கேட்டிருக்கும். "மடிப்புக் குலையும்!"